சில பழைய கார் விளம்பரங்கள் மட்டும் ஏன் மறப்பதே இல்லை?

நினைவில் நிற்கும் விளம்பரம் என்றால், அந்தக் காரை வாங்காதவருக்கும் வருடக்கணக்கில் கழித்து அதன் ஒரு படமோ ஒரு வரியோ சட்டென்று ஞாபகம் வருவது, அவ்வளவுதான்.

காரணம், அவை பெருமை பேசுவதில்லை. ஒரு சின்ன விவரத்தைக் கொடுத்துவிட்டு முடிவை நம்மிடமே விட்டுவிடுகின்றன, நாமே கண்டுபிடித்தது நமக்கு மறக்காது.

1959-இல் அமெரிக்காவில் வந்த ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் பீட்டில் என்ற சின்னக் காருக்கான விளம்பரத்தைப் பாருங்கள். மற்றவர்கள் நீள நீளமான கார்களைப் பக்கம் நிறையக் காட்டிய காலத்தில், இதில் பக்கம் முழுக்க வெறுமை, ஒரு மூலையில் துளியூண்டு கார், கீழே 'சின்னதாக யோசியுங்கள்' என்று ஒரு வரி. எல்லோரும் கத்தும் அறையில் ஒருவர் மட்டும் தணிந்த குரலில் பேசினால் காது அவர் பக்கம்தானே போகும், அதேதான்.

அப்புறம் அதே நிறுவனம் தன் காரையே 'பழுது' என்று தலைப்பிட்டுக் காட்டியது. காருக்குள் முன் இருக்கைக்கு எதிரே இருக்கும் சிறு பெட்டியின் மேல் இருந்த பளபளப்பான குரோம் உலோகப் பட்டையில் ஒரு சிறு கறை, அதற்காகவே அந்த வண்டியைப் பரிசோதகர் ஒதுக்கிவிட்டாராம்! தரம் என்ற சொல்லை உரக்கச் சொல்லாமலே தரத்தைப் புரியவைத்த இதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் சிறந்தது. 1958-இல் விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வி எழுதிய ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரமும் இதே வழிதான்: மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது காருக்குள் கேட்கும் பெரிய சத்தமே கடிகாரத்தினுடையதுதான் என்றது.

நட்சத்திரமும் கோடிக்கணக்கில் செலவும் இருந்தால்தான் விளம்பரம் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பீட்டில் விளம்பரம் வெறும் கறுப்பு வெள்ளைப் பக்கம், அதில் ஒரு மனித முகம்கூடக் கிடையாது.