வெங்காய வேரிலிருந்து 46 வரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மனித செல்லில் இருப்பவை 46 குரோமோசோம்கள் என்று கண்டவர்களில் ஒருவர் வெங்காயத்தை ஆராய்ந்து வந்தவராமே? யார் அவர்?

பதில்: ஸ்வீடன் நாட்டு மரபியலாளர் ஆல்பெர்ட் லெவான். 1905-இல் கோதன்பர்க்கில் பிறந்தவர். படித்ததும், வாழ்நாளின் பெரும்பகுதி ஆராய்ச்சி செய்ததும் லுண்ட் நகரில். வெங்காயம், பூண்டு குடும்பத்துச் செடிகளின் குரோமோசோம்களில்தான் அவருக்கு முதலில் கை பழகியது. சர்க்கரை எடுக்கப் பயன்படும் பீட் கிழங்கில் (சுகர் பீட்) குரோமோசோம் தொகுதிகளைப் பெருக்கும் ஆய்விலும் ஈடுபட்டார்.

1938-இல் கால்ச்சிசின் என்ற நச்சுப்பொருள் வெங்காய வேர்நுனியில் என்ன செய்கிறது என்று விரிவாக எழுதினார். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர் இழைகள் இந்தப் பொருள் பட்டால் உருவாவதில்லை. குரோமோசோம்கள் குட்டையாகி, தனித்தனியாகக் கிடக்கின்றன. எண்ணுகிறவருக்கு இதைவிட வசதி வேறில்லை. பல வேதிப்பொருள்களுக்கு உட்பட்ட வேர்களின் குரோமோசோம் கோளாறுகள் கட்டிகளில் காணும் கோளாறுகளை ஒத்திருந்தன. அந்த ஒற்றுமைதான் அவரைப் புற்றுநோய் செல்களின் பக்கம் இழுத்தது.

கேள்வி: அதற்கு முன்பு 30 ஆண்டுகளுக்கும் மேலாக 48 என்றே எல்லோரும் நம்பியது எப்படி?

பதில்: பாதிப் பழி ஸ்லைடுகள் மேல், மீதிப் பழி எதிர்பார்ப்பின் மேல். அமெரிக்காவின் தியோபிலஸ் பெயின்டர் விந்தகத் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தார். அப்படி வெட்டும்போது கத்தி குரோமோசோம்களின் குறுக்கேயும் போகும். ஒன்றே இரண்டாகத் தெரியலாம், ஒன்று அடுத்த சீவலுக்குப் போய்விடலாம். போதாக்குறைக்கு எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கும். 1921-இல் அவரே, மிகத் தெளிவான செல்களில் 46 மட்டுமே தென்பட்டதாகக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனாலும் 1923-இல் 48 என்று முடிவு கட்டினார். பாடநூல்கள் அதையே பிடித்துக்கொண்டன.

1952-இல் அமெரிக்காவில் பணியாற்றிய ஆய்வாளர் டி. சி. ஷூ, உப்புச் செறிவு குறைந்த கரைசலில் செல்களை வைத்தால் அவை நீரை உறிஞ்சி வீங்கும், குரோமோசோம்கள் அழகாக விலகும் என்று காட்டினார். அவ்வளவு நல்ல ஸ்லைடுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் 48 என்றே எழுதினார். லுண்டிலேயே ஈவா ஹான்சன்-மெலாண்டர், இங்வே மெலாண்டர், ஸ்டிக் குல்லாண்டர் மூவரும் கருவின் கல்லீரல் செல்களில் திரும்பத் திரும்ப 46 பார்த்தார்கள். மீதி இரண்டைக் காணோமே என்று ஆய்வையே நிறுத்தி வைத்தார்கள். 46 என்று அறிவித்த லெவானின் கட்டுரை இதைப் பெயர் சொல்லிப் பதிவு செய்திருக்கிறது. அந்த நேர்மை எங்களுக்கு மிகவும் பிடித்தது.

லெவானின் ஆய்வகத்தில் அவரும் ஜோ ஹின் ஜியோவும் கருவின் நுரையீரல் செல்களை வளர்த்து, கால்ச்சிசின், செறிவு குறைந்த கரைசல், கண்ணாடிக்கு அடியில் நசுக்குதல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். 1955 டிசம்பர் 22-இல் கிடைத்த எண்ணிக்கை 46. நான்கு கருக்களிலிருந்து வளர்த்த செல்களில் 261-ஐ எண்ணினார்கள். மிகப் பெரும்பாலானவற்றில் 46 இருந்தன. 1956 ஜனவரியில் ஹெரெடிடாஸ் இதழில் கட்டுரை வந்தது. அப்போதும் ‘மனிதருக்கு எல்லாம் இதுதான்’ என்று அடித்துச் சொல்லாமல் நிதானமாகவே எழுதினார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் ஃபோர்டும் ஹாமர்டனும் விந்தகச் செல்களில் 23 ஜோடிகளைக் கண்டு உறுதி செய்தார்கள்.

கேள்வி: சில நூல்களில் ஜோ ஹின் ஜியோ பெயர்தான் முதலில் இருக்கிறது. பெருமை யாருக்கு?

பதில்: இருவருக்கும். ஜாவாவில் பிறந்த ஜியோ, ஸ்பெயினின் சரகோசாவில் வேலை பார்த்தபடி விடுமுறைகளில் லுண்டுக்கு வந்து உழைத்தவர். அந்த ஸ்லைடுகள் அவர் கையில் உருவானவை. கட்டுரையிலும் அவர் பெயரே முன்னால் நிற்கிறது. ஆய்வகமும், கால்ச்சிசினைக் கையாண்ட அனுபவமும் லெவானுடையவை.

கேள்வி: ஆய்வகத்தில் வெங்காய வேர் ஸ்லைடு செய்தால் மங்கலாகவே வருகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: அநேகமாக நுனியை அளவுக்கு மீறி விட்டுவைக்கிறீர்கள். செல்கள் பிரிவது கடைசி 2 மில்லிமீட்டரில்தான். அதற்கு மேலே உள்ளவை நீண்டு வளரும் செல்கள். அவை படர்ந்தால் பிரியும் செல்களை மறைத்துவிடும்.

காய்ந்த தோலையும் பழைய வேரையும் சுரண்டி எடுத்து, அடிப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொடும்படி வையுங்கள். முளைக்காமல் இருக்க மருந்து அடித்த வெங்காயம் வேரே விடாது. வேர் 1 முதல் 2 சென்டிமீட்டர் ஆனதும் வெட்டி, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் கலந்த கலவையில் ஒரு நாள் வையுங்கள். இந்தக் கலவையை அன்றன்று தயாரிக்க வேண்டும். பழையது செல்லை ஒழுங்காக நிலைப்படுத்தாது. பிறகு 60 டிகிரி சூட்டில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 முதல் 10 நிமிடம். இதைக் குறைத்தால் செல்கள் பிரியாமல் கட்டியாகவே நிற்கும். கூட்டினால் வேர் கூழாகிவிடும்.

நுனியை மட்டும் ஸ்லைடில் வைத்து அசிட்டோ-ஆர்சீன் ஒரு சொட்டு விட்டு, சாயம் ஏற விட்டு, கவர்ஸ்லிப் போட்டு, ஊசியின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டுங்கள். வடிதாளுக்குள் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். கவர்ஸ்லிப் ஒரு இழை நகர்ந்தாலும் செல்கள் உருண்டு கிழிந்துவிடும். சரியாக வந்தால் ஒரு செல்லில் 16 குரோமோசோம்கள் தெரியும். கால்ச்சிசின் இல்லாமலே செய்யுங்கள். அது செங்காந்தள் கிழங்கில் இருக்கும் அதே கொடிய நஞ்சு.

கேள்வி: அதற்குப் பிறகு லெவான் என்ன செய்தார்?

பதில்: புற்றுநோய் செல்களின் குரோமோசோம்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1964-இல் ஃப்ரெட்கா, சாண்ட்பெர்க் இருவருடன் சேர்ந்து, குரோமோசோமின் இடுங்கிய புள்ளிக்கு (சென்ட்ரோமியர்) இரு பக்கமும் உள்ள ‘கை’களில் நீண்ட கையின் நீளத்தைக் குட்டைக் கையின் நீளத்தால் வகுத்து குரோமோசோமுக்குப் பெயரிடும் முறையை வெளியிட்டார். விகிதம் 1.7 வரை மெட்டாசென்ட்ரிக் (புள்ளி ஏறக்குறைய நடுவில்), 3 வரை சப்மெட்டாசென்ட்ரிக் (நடுவிலிருந்து சற்று விலகி), 7 வரை சப்டெலோசென்ட்ரிக் (முனைக்கு அருகே). செடி, விலங்கு, மீன் எதுவானாலும் இன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் இந்த எல்லைகளே புழங்குகின்றன. 1998-இல் காலமானார்.