தம்பியை மீண்டும் குழுவோடு அனுப்பலாமா?
வியாசர்பாடி சகோதரிக்கு வணக்கம். ராக் குழுக்களுக்கு ஒலி அமைத்துவந்த தம்பி வலி மாத்திரையைப் போதைக்காக ஊசியில் ஏற்றும் பழக்கத்தை நிறுத்திச் சில வாரங்களே ஆன நிலையில், சுற்றுப்பயணத்துக்கு மீண்டும் அழைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது அனுப்பவே வேண்டாம். நிறுத்திய நாட்களில் அந்தப் போதையைத் தாங்கும் உடலின் திறன் குறைந்துவிடுவதால், முன்பு பழகிய அதே அளவே மூச்சை நிறுத்திவிடக்கூடும். சியாட்டில் பாடகர் ஆண்ட்ரூ வுட், சிகிச்சைக்குப் பின் சில மாதங்கள் விலகியிருந்தும், தம் குழுவின் முதல் ஆல்பம் வெளிவருமுன்பே 1990 மார்ச்சில் ஹெராயினால் இறந்தார். மேடைக்குப் பின்னால் பெயரில்லாமல் நிற்பவருக்கு, மற்றவர்களோடு சேர்ந்து போதை எடுத்துக்கொள்வதே தாமும் குழுவில் ஒருவர் என்ற உணர்வைத் தந்துவிடுகிறது. ஆகவே தம்பி இழப்பது வெறும் வேலையை அல்ல, அந்த உணர்வையும்தான்; அதைப் பற்றி அவர் சொல்வதைத் திட்டாமல் கேளுங்கள். ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவில் போதை ஏக்கத்தைக் கட்டுப்படுத்தும் மருந்தான புப்ரனார்ஃபின் சிகிச்சை பற்றி விசாரியுங்கள். 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணையும் அழைக்கலாம்.