பெட்டி புதுசு, டிவி பழசு: வாசகர் கேள்வி-பதில்

இணையப் படங்களை டிவியில் காட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக், ஆண்ட்ராய்டு பெட்டி போன்றவற்றை டிவியில் இணைக்கும்போது வரும் சிக்கல்கள் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் 4கே டிவி 2014-இல் வாங்கியது. அண்மையில் ஒரு 4கே ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கினோம். முகப்புத் திரை வருகிறது, யூடியூப் ஓடுகிறது. ஆனால் கட்டண ஓடிடி ஆப்களில் படம் போட்டால் திரை கறுத்துவிடுகிறது. சில நேரம் ‘ஹெச்.டி.சி.பி.’ என்று ஒரு பிழைச் செய்தி வருகிறது. தம்பி வீட்டு டிவியில் இதே ஸ்டிக் ஒழுங்காக ஓடுகிறது. டிவியை மாற்றித்தான் ஆக வேண்டுமா? – ஈரோடு வாசகர்

மாற்ற வேண்டாம். உங்கள் ஸ்டிக்கிலும் பழுதில்லை, டிவியிலும் பழுதில்லை. ஹெச்.டி.சி.பி. என்பது படத்தை யாரும் நகலெடுக்காமல் தடுக்கும் பூட்டு. கட்டணப் படம் தொடங்கும்போது ஸ்டிக் டிவியிடம் அடையாளம் கேட்கும். சரியான பதில் வந்தால்தான் படத்தை அனுப்பும். 4கே படங்களுக்கு இந்தப் பூட்டின் 2.2 பதிப்பு தேவை. அது வெளிவந்ததே 2013-இல்தான். ஆகவே அந்தக் காலத்து 4கே டிவிகள் சிலவற்றில் 2.2 அறவே கிடையாது, சிலவற்றில் ஒரே ஒரு ஹெச்.டி.எம்.ஐ. போர்ட்டில் மட்டும் உண்டு. முகப்புத் திரைக்கும் யூடியூபின் பெரும்பாலான வீடியோக்களுக்கும் பூட்டு தேவைப்படாததால் அவை மட்டும் தெரிகின்றன.

முதலில் டிவியின் எல்லா ஹெச்.டி.எம்.ஐ. போர்ட்டுகளிலும் ஸ்டிக்கை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். போர்ட்டின் அருகிலோ கையேட்டிலோ ‘ஹெச்.டி.சி.பி. 2.2’ என்று அச்சிட்டிருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டிய இடம். நடுவில் சவுண்ட்பார், ஸ்பிளிட்டர், சுவிட்ச் எதுவும் இருக்கக் கூடாது. சங்கிலியில் ஒரு கருவி பழையதாக இருந்தாலும் பூட்டு திறக்காது. பிறகு டிவி, ஸ்டிக் இரண்டையும் சுவரிலேயே அணைத்து, ஸ்டிக்கைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு, முதலில் டிவியைப் போடுங்கள். டிவி முழுதாக வந்தபின் ஸ்டிக்கைச் செருகி மின்சாரம் கொடுங்கள். அடையாளம் கேட்கும் வேளையில் டிவி விழித்திருக்காததால் வரும் சிக்கல் இதிலேயே தீரும்.

அப்படியும் கறுத்தால், ஸ்டிக்கை 4கே-க்கு ஒரு படி கீழான 1080பி (ஃபுல் ஹெச்.டி.) தெளிவில் நிறுத்திவிடுங்கள். அமேசானின் ஃபயர் டிவியில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ், டிஸ்ப்ளே, வீடியோ ரெசல்யூஷன் என்று போக வேண்டும். மற்ற பெட்டிகளிலும் டிஸ்ப்ளே என்ற தலைப்பின் கீழேயே இருக்கும். 1080பி-க்குப் பழைய பூட்டே போதும். தானாகவே 1080பி-க்கு இறங்க வேண்டிய ஸ்டிக்குகள் சில நேரம் இறங்கத் தெரியாமல் தடுமாறுவதுதான் இந்தக் கறுப்புத் திரை. 43 அங்குல டிவியை 8 அடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு இதனால் கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம் அநேகமாக இல்லை. 2.2 பூட்டு டிவியின் சிப்பில் இருப்பது. சாஃப்ட்வேர் அப்டேட் செய்து வரவழைத்துத் தருவதாகக் கடையில் யாரேனும் சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

பெட்டியில் 4கே 60 ஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுத்தேன். ‘நோ சிக்னல்’ என்று வந்துவிட்டது. மெனுவே தெரியாதபோது எப்படித் திரும்ப மாற்றுவது? – திருச்சி வாசகர்

ரிமோட்டைத் தொடாமல் அரை நிமிடம் காத்திருங்கள். நீங்கள் ‘ஓகே’ கொடுக்காவிட்டால் பல பெட்டிகள் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஃபயர் டிவி என்றால், ரிமோட்டில் மேல்நோக்கிய பொத்தானையும் ரீவைண்ட் பொத்தானையும் சேர்த்து 5 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஒவ்வொரு ரெசல்யூஷனாக மாறிக்கொண்டே வரும், படம் தெரிந்ததும் அதை உறுதிசெய்யலாம். வேறு பெட்டி என்றால், 4கே 60 ஏற்கும் இன்னொரு டிவியில் செருகி, 1080பி-க்கு மாற்றிவிட்டு எடுத்து வருவதுதான் எளிய வழி.

இனி காரணத்துக்கு வருவோம். ஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு. 4கே 30 ஹெர்ட்ஸுக்கு ஹெச்.டி.எம்.ஐ. 1.4 போதும், அதன் வேகம் விநாடிக்கு 10.2 கிகாபிட். 60 ஹெர்ட்ஸை முழு நிறத்தோடு அனுப்ப ஹெச்.டி.எம்.ஐ. 2.0-இன் 18 கிகாபிட் வேண்டும். பழைய கருவிகள் குழம்பக் கூடாது என்பதற்காகப் பல டிவிகளில் அந்த வேகத்தை அணைத்தே அனுப்புகிறார்கள். நாம்தான் இயக்க வேண்டும். சாம்சங்கில் அதற்குப் பெயர் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’. எல்ஜியில் ‘ஹெச்.டி.எம்.ஐ. அல்ட்ரா ஹெச்.டி. டீப் கலர்’. சோனியில் ‘ஹெச்.டி.எம்.ஐ. சிக்னல் ஃபார்மட்’ என்பதில் ‘என்ஹான்ஸ்டு’. ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருக்கும், பெட்டி எந்த எண்ணில் இருக்கிறதோ அதை மாற்றுங்கள்.

படம் வந்து, அதில் வெள்ளைப் புள்ளிகள் மின்னினாலோ அவ்வப்போது ஒரு விநாடி கறுத்து மீண்டாலோ, பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ சான்று உள்ள 2 மீட்டர் கேபிளைப் போடுங்கள். 5 மீட்டருக்கு மேல் சாதாரணக் கேபிளை இந்த வேகத்துக்கு நம்ப முடியாது.

ஸ்டிக்கின் மின்கம்பியை டிவியின் யு.எஸ்.பி. போர்ட்டிலேயே செருகியிருக்கிறேன். படத்தின் நடுவே தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. – நாகர்கோவில் வாசகர்

பசிக்குப் போதவில்லை, அவ்வளவுதான். யு.எஸ்.பி. 2.0 போர்ட் தர வேண்டியது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர். ஸ்டிக்குகள் பெரும்பாலும் 1 ஆம்பியர் அடாப்டரோடு வருகின்றன. மெனுவில் சும்மா இருக்கும்போது அரை ஆம்பியரில் ஓடும். 4கே படத்தோடு வைஃபையும் முழுமூச்சில் இயங்கும்போது மின்னழுத்தம் சரிந்து அணைந்துவிடும். கூடவந்த அடாப்டரையே சுவரில் செருகுங்கள். அது தொலைந்திருந்தால் 5 வோல்ட், 1 அல்லது 2 ஆம்பியர் தரும் நல்ல போன் சார்ஜர் போதும். ஆம்பியர் கூடுதலாக இருப்பதால் கெடுதல் இல்லை, ஸ்டிக் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். மெல்லிய 3 மீட்டர் யு.எஸ்.பி. கம்பி வேண்டாம், கம்பியிலேயே மின்னழுத்தம் குறைந்துவிடும். அடாப்டரை மாற்றியும் ரீஸ்டார்ட் தொடர்ந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். டிவியின் முதுகில் ஒட்டிக்கிடக்கும் ஸ்டிக்கைக் குட்டி ஹெச்.டி.எம்.ஐ. எக்ஸ்டெண்டர் போட்டு வெளியே தொங்கவிடுங்கள். வைஃபையும் சேர்ந்து மேம்படும்.

யூடியூபில் சத்தம் வருகிறது. சில ஓடிடி படங்களில் மட்டும் படம் ஓடுகிறது, சத்தமே இல்லை. – கோவை வாசகர்

யூடியூப் ஒலியைப் பெட்டியே பிரித்து, பி.சி.எம். என்ற எளிய ஸ்டீரியோவாகத் தருகிறது. ஓடிடி படங்களில் ‘டால்பி டிஜிட்டல் பிளஸ்’ ஒலியைப் பெட்டி பிரிக்காமல் அப்படியே டிவிக்குத் தள்ளுகிறது. அதைப் பிரிக்கத் தெரியாத டிவி மௌனமாகிவிடும். பெட்டியின் ஆடியோ செட்டிங்கில் ‘சரவுண்ட் சவுண்ட்’ என்பதை ‘பி.சி.எம்.’ ஆக்குங்கள். ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் அந்த இடத்தில் ‘நெவர்’ அல்லது ‘நன்’ என்று இருக்கும். சவுண்ட்பாரை ஆப்டிகல் கம்பியில் இணைத்திருந்தால் கவனியுங்கள்: ஆப்டிகலில் சாதாரண டால்பி டிஜிட்டல் போகும், பிளஸ் போகாது. பெட்டியில் ‘டால்பி டிஜிட்டல்’ மட்டும் தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், பல ஸ்பீக்கர்களில் பிரிந்து வரும் 5.1 ஒலி தப்பிக்கும்.

கிரிக்கெட் பார்க்கும்போது பந்து வெட்டி வெட்டிப் போகிறது, கீழே ஓடும் எழுத்தும் உதறுகிறது. இணைய வேகம் 100 எம்.பி.பி.எஸ். இருக்கிறது. – மதுரை வாசகர்

இணையத்தைக் குறை சொல்லாதீர்கள். வட்டம் சுற்றாமல், படம் மங்காமல், சீராக உதறினால் அது ஹெர்ட்ஸ் பொருந்தாத கோளாறு. நம் நாட்டு டிவி ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் வழக்கப்படி நடப்பது. பெட்டியோ பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில் அமைத்தே விற்கப்படுகிறது. 50 படங்களை 60 ஆக்க ஒவ்வொரு ஐந்தாவது படத்தையும் இரண்டு முறை காட்ட வேண்டும். விநாடிக்கு 10 முறை நேரும் அந்தத் தயக்கம்தான் உங்கள் கண்ணில் படுகிறது. வேகமாகக் காமிரா திரும்பும்போது அது கூடுதலாகத் தெரியும்.

பெட்டியின் ரெசல்யூஷனை ‘1080பி 50 ஹெர்ட்ஸ்’ அல்லது ‘2160பி 50 ஹெர்ட்ஸ்’ (அதாவது 4கே) ஆக்கி அதே ஆட்டத்தைப் பாருங்கள். ஓடிடி நிறுவனம் 25 படங்களாக அனுப்பினாலும் ஒவ்வொன்றும் சரியாக இரண்டு முறை விழும், உதறல் இராது. அவர்களே 30 அல்லது 60 ஆக மாற்றி அனுப்பினால் மட்டும் இது பலன் தராது. ‘மேட்ச் ஒரிஜினல் ஃபிரேம் ரேட்’ என்ற வசதி இருந்தால் அதை இயக்கிவைக்கலாம், ஆனால் ஆப்பும் ஒத்துழைத்தால்தான் வேலை செய்யும். கிரிக்கெட்டும் சீரியலும்தான் வீட்டில் அதிகம் என்றால் 50-லேயே விட்டுவிடுவது எங்கள் பரிந்துரை. போனில் எடுத்த 30 பட வீடியோக்கள் அப்போது லேசாக உதறும். அசைவை வழவழப்பாக்கும் டிவியின் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியைக் கூட்டி இதைச் சரிசெய்ய முயல வேண்டாம், பந்தைச் சுற்றி நிழல் படரும்.

பழைய பிக்சர் டியூப் டிவியில் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போட முடியுமா? – தஞ்சை வாசகர்

முடியும். ‘ஹெச்.டி.எம்.ஐ. டு ஏவி’ கன்வெர்ட்டர் வாங்குங்கள். ‘ஏவி டு ஹெச்.டி.எம்.ஐ.’ என்று எதிர்த்திசையில் வேலை செய்வதும் அதே உருவத்தில் விற்கிறது, அச்சைப் படித்து வாங்குங்கள். கன்வெர்ட்டருக்கும் தனியாக 5 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். அதன் பக்கவாட்டு சுவிட்ச் நம் நாட்டு டிவி முறையான ‘பால்’ (PAL) பக்கம் இருக்கட்டும். அமெரிக்க முறையான ‘என்டிஎஸ்சி’ (NTSC) பக்கம் இருந்தால் பழைய டிவியில் படம் கறுப்பு-வெள்ளையாக வரலாம், உருளவும் செய்யலாம். மெனு எழுத்துகள் மங்கலாகத்தான் தெரியும், அதற்கு வழியில்லை. ஸ்டிக்குக்குப் பதில் 3.5 மி.மீ. ஏவி துளை உள்ள பெட்டி வாங்கினால் கன்வெர்ட்டரே வேண்டாம். ஆனால் அந்தக் கம்பிகளில் முனை வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படம் வராமல் ‘உர்ர்’ என்ற இரைச்சல் மட்டும் வந்தால் சிவப்பு முனையை டிவியின் மஞ்சள் துளையில் மாற்றிச் செருகிப் பாருங்கள்.