அஞ்சு பேப்பர், வேற வேற சட்டம்: உங்க இன்சூரன்ஸ் எந்த லைசென்ஸ்ல ஓடுது?

திருப்பூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க:

"சார், எங்க வீட்ல இன்சூரன்ஸ்னு அஞ்சு பேப்பர் இருக்கு. மாமனார் வாத்தியாரா இருந்தப்ப போட்ட போஸ்ட் ஆபீஸ் பாலிசி, என் பேர்ல ஒரு எல்ஐசி, வீட்டுக்காரருக்கு பனியன் கம்பெனில இஎஸ்ஐ கார்டு, ஹோம் லோன் வாங்கினப்ப பேங்க்ல 41 ஆயிரம் பிடிச்சுக்கிட்டு கொடுத்த ஒரு பேப்பர், 2019 ஜூன்ல அதே பேங்க் மூலமா எடுத்த 5 லட்சம் மெடிக்கல் பாலிசி. இந்த வருஷம் எனக்கு பித்தப்பை கல் ஆபரேஷன் ஆச்சு. பாலிசி எடுக்கும்போது பிபி இருந்ததை சொல்லலைன்னு க்ளைம ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. பேங்க்ல கேட்டா டிபிஏகிட்ட (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளைம் பில்ல சரிபாக்கற இடைநிலை கம்பெனி) கேளுங்கறாங்க, டிபிஏ கம்பெனிகிட்ட கேளுங்கறாங்க. பக்கத்து வீட்டு அண்ணன் 'பிரைவேட்ல போட்டா இப்படித்தான், நாளைக்கு மூடிட்டு போயிடுவான்'ங்கறார். இதுல எது கவர்மென்ட், எது பிரைவேட், நான் யார்கிட்ட போய் கேக்கறது?"

பக்கத்து வீட்டு அண்ணன் கேக்கற கேள்விய எல்லாரும்தான் கேக்கறாங்க, கவர்மென்டா பிரைவேட்டான்னு. இருபது வருஷத்துக்கு மேல இந்த தொழில்ல இருக்கேன், அந்த கேள்வியால யாருக்கும் க்ளைம் கிடைச்சு நான் பாத்ததில்ல. நீங்க கேக்க வேண்டியது, இந்த பேப்பர் கொடுத்தவங்க எந்த சட்டத்துல, எந்த லைசென்ஸ்ல ஓடறாங்கன்னு. அது தெரிஞ்சா என்ன கவர் ஆகும், யார் கதவ தட்டணும்னு ரெண்டும் தன்னால தெரிஞ்சிடும்.

முதல்ல அஞ்சுல ரெண்ட தனியா எடுத்து வைங்க, போஸ்ட் ஆபீஸ் பாலிசியும் இஎஸ்ஐயும். இன்சூரன்ஸ் கம்பெனிங்களை கண்காணிக்கிறது ஐதராபாத்ல இருக்கிற ஐஆர்டிஏஐ (நாங்க இன்னும் பழக்கதோஷத்துல ஐஆர்டிஏன்னுதான் சொல்லுவோம், 2014 கடைசிலதான் அந்த கடைசி 'ஐ' சேந்துச்சு). இந்த ரெண்டும் அதுக்குள்ள வராது. போஸ்டல் லைஃப் இன்சூரன்ஸ் 1884-ல இருந்து இருக்கு, எல்ஐசிக்கெல்லாம் பாட்டன், 1938 இன்சூரன்ஸ் சட்டத்துலயே அதுக்கு விலக்கு கொடுத்துட்டாங்க, பணத்துக்கு மத்திய அரசே கேரண்டி. அதுல பிரச்சனைன்னா தபால் துறைலதான் முட்டணும், ஐஆர்டிஏக்கு எழுதினா உங்க லெட்டர்தான் வேஸ்ட். இஎஸ்ஐ 1948 சட்டத்துல ஆரம்பிச்சது, தொழிலாளர் அமைச்சகம், சண்டைன்னு வந்தா அதுக்குன்னு இஎஸ்ஐ கோர்ட்டே தனியா இருக்கு. இடையில ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க: வீட்டுக்காரருக்கு இஎஸ்ஐ பிடிக்கறாங்கன்னா குடும்பத்துக்கும் அதுல வைத்தியம் உண்டு, சம்பளத்துல முக்கால் சதவீதம் அவர்கிட்ட, மூணேகால் சதவீதம் முதலாளிகிட்ட மாசாமாசம் போகுது, உங்க பேரை அதுல சேத்திருக்காரா? பாதி பேர் வீட்ல அந்த கார்டு பீரோலயே தூங்குது.

மிச்சம் இருக்கிற மூணுதான் ஐஆர்டிஏ கணக்கு. இங்க ஒரு அடிப்படை விதி இருக்கு: ஒரே கம்பெனி லைஃபும் ஜெனரலும் சேத்து விக்க முடியாது. ரெண்டுக்கும் தனித்தனி லைசென்ஸ், தனித்தனி கம்பெனி, ஒரே குரூப் பேர் போர்டுல இருந்தாலும் உள்ள வேற வேற கம்பெனி. ஆயுள் சம்பந்தப்பட்டது லைஃப். வண்டி, வீடு, தீ, கப்பல் சரக்கு, விபத்து இதெல்லாம் ஜெனரல். மெடிக்கல் மட்டும் விக்கறதுக்குன்னு மூணாவதா ஒரு வகை, ஸ்டாண்ட்அலோன் ஹெல்த், அதுல முதல் கம்பெனி 2006-ல நம்ம சென்னைல ஆரம்பிச்ச ஸ்டார் ஹெல்த். இந்த மூணு வகைல எதுக்கும் லைசென்ஸ் வாங்க குறைஞ்சது 100 கோடி மூலதனம் காட்டணும்னு வச்சிருந்தாங்க, இந்த கம்பெனிங்களுக்கே இன்சூரன்ஸ் கொடுக்கிற ரீஇன்சூரருக்கு 200 கோடி. வெளிநாட்டு பங்கு 2000-ல 26 சதவீதம், 2015-ல 49, 2021-ல 74, 2025 டிசம்பர்ல 100 வரைக்கும் போகலாம்னு பார்லிமென்ட் சட்டமே நிறைவேத்திடுச்சு, ஆனா முதலாளி யாரா இருந்தாலும் லைசென்ஸ் நிபந்தனை ஒண்ணுதான்.

சரி, இதெல்லாம் எனக்கெதுக்குன்னு கேக்கறீங்களா, உங்க ஹோம் லோன் பேப்பர எடுங்க. அந்த 41 ஆயிரத்துக்கு கொடுத்த சர்டிபிகேட்ல மேல பேங்க் பேர் பெருசா இருக்கும், அத விடுங்க, பேங்க் வெறும் கார்ப்பரேட் ஏஜென்ட், ஒவ்வொரு வகைலயும் ஒம்பது கம்பெனி வரைக்கும் வித்துக்கலாம்னு ஐஆர்டிஏ அனுமதி கொடுத்திருக்கு. கீழ பொடி எழுத்துல ஒரு கம்பெனி பேர் இருக்கும், அதுல 'லைஃப் இன்சூரன்ஸ்'னு முடியுதா 'ஜெனரல் இன்சூரன்ஸ்'னு முடியுதான்னு பாருங்க. லைஃப்னு இருந்தா, லோன் வாங்கினவர் எப்படி இறந்தாலும் (முதல் வருஷ தற்கொலை மாதிரி சில விலக்கு தவிர) பாக்கி லோன் அடையும், லோன் குறைய குறைய கவரும் குறைஞ்சுக்கிட்டே வரும். ஜெனரல்னு இருந்தா கதையே வேற. ஜெனரல் கம்பெனிக்கு சாதாரண சாவுக்கு பணம் கொடுக்க லைசென்ஸே கிடையாது, விபத்து, லிஸ்ட்ல இருக்கிற பெரிய நோய், அவ்வளவுதான். ராத்திரி தூக்கத்துலயே மாரடைப்புல போயிட்டா? விபத்து இல்ல. மாரடைப்பு பெரிய நோய் லிஸ்ட்ல இருக்கும்தான், ஆனா பெரும்பாலான பாலிசில நோய்னு தெரிஞ்ச பிறகு குறிப்பிட்ட நாள், பல பாலிசில 30 நாள், உயிரோட இருந்தாத்தான் பணம். ஆக ஒண்ணும் வராது. எனக்கு தெரிஞ்ச ஒரு குடும்பத்துல இதே கதைதான் நடந்துச்சு, 'லோனுக்கு இன்சூரன்ஸ் இருக்கு'ன்னு நாலு வருஷம் நிம்மதியா இருந்தாங்க, அந்தம்மா பேப்பர எடுத்துட்டு வந்தப்ப நான் முதல் பக்கத்துல கம்பெனி பேர பாத்ததுமே எனக்கு பேச்சு வரல.

இப்ப மூடிட்டு போற விஷயம். எல்ஐசி 1956 செப்டம்பர் 1-ம் தேதி வந்துச்சு, அதுக்கு முன்னாடி இருந்த 154 இந்திய கம்பெனி, 16 வெளிநாட்டு கம்பெனி, 75 பிராவிடன்ட் சொசைட்டி எல்லாத்தையும் கவர்மென்ட் ஒண்ணா சேத்துச்சு. மவுண்ட் ரோடு எல்ஐசி பில்டிங்க எல்லாரும் கவர்மென்ட் கட்டினதுன்னு நினைக்கிறாங்க, அத ஆரம்பிச்சது எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரோட பிரைவேட் இன்சூரன்ஸ் கம்பெனி, நடுவுல நாட்டுடைமை ஆயிடுச்சு, 1959-ல திறக்கும்போது போர்டுல எல்ஐசி. உங்க எல்ஐசி பாலிசிக்கு எல்ஐசி சட்டம் 37-வது பிரிவுல மத்திய அரசு கேரண்டி இருக்கு, காப்பீட்டுத் தொகைக்கும் அறிவிச்ச போனஸுக்கும் சேத்து. 2022-ல 3.5 சதவீத பங்க ஐபிஓல வித்தாங்களே, அதனால அந்த பிரிவு போயிடல.

ஆனா 'கவர்மென்ட் கம்பெனி'ன்னா எல்லாத்துக்கும் இந்த கேரண்டின்னு நினைச்சிடாதீங்க. ஜெனரல்ல 1973-ல 107 கம்பெனிய நாலா சேத்தாங்க: கொல்கத்தால நேஷனல், மும்பைல நியூ இந்தியா, டெல்லில ஓரியண்டல், சென்னைல யுனைடெட் இந்தியா. நியூ இந்தியால பெரும்பங்கும் மிச்ச மூணுல முழுசும் கவர்மென்ட்தான், ஆனா எல்ஐசிக்கு இருக்கிற 37-வது பிரிவு மாதிரி ஒண்ணு இவங்களுக்கு கிடையாது. ஐஆர்டிஏ எல்லா கம்பெனிக்கும் சால்வென்சி விகிதம் 150 சதவீதம் இருக்கணும்னு சொல்லுது, அதாவது கொடுக்க வேண்டிய பாக்கிக்கெல்லாம் ஒதுக்கினது போக கைல தனியா எவ்வளவு இருக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு, அதுல ஒண்ணரை மடங்கு வச்சிருக்கணும். பல வருஷமா அந்த கோட்டுக்கு கீழ இருந்தது எது தெரியுமா, பிரைவேட் இல்ல, மேல சொன்ன நாலுல நியூ இந்தியா தவிர மிச்ச மூணும். 2019-20-ல ஆரம்பிச்சு மூணு பட்ஜெட் வருஷத்துல 17,450 கோடி கவர்மென்ட் உள்ள கொட்டுச்சு. அதனால அந்த கம்பெனிங்க க்ளைம் தரமாட்டாங்கன்னு நான் சொல்ல வரல, தராங்க, கவர்மென்ட் கைவிடாதுங்கற நம்பிக்கைலதான் ஓடுது. பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட இத ஒரு தடவை சொல்லிப் பாருங்க.

பிரைவேட் நிஜமாவே தள்ளாடினா என்ன ஆகும்னா, பேங்க் மாதிரி 5 லட்சம் டெபாசிட் இன்சூரன்ஸ் எல்லாம் இங்க இல்ல. அதுக்கு பதிலா கம்பெனி விழறதுக்கு முன்னாடியே ஐஆர்டிஏ உள்ள பூந்து நிர்வாகிய போடலாம். சஹாரா லைஃப்ல 2017 ஜூன்ல அப்படித்தான் போட்டாங்க, புது பாலிசி விக்கறத நிறுத்தினாங்க, 2023 ஜூன்ல கிட்டத்தட்ட 2 லட்சம் பாலிசிய எஸ்பிஐ லைஃபுக்கு மாத்த உத்தரவு போட்டாங்க. கம்பெனி சும்மா இருக்குமா, செக்யூரிட்டீஸ் அப்பீல் ட்ரிப்யூனலுக்கு போய் தடை வாங்கிடுச்சு (ஐஆர்டிஏ உத்தரவுக்கு அப்பீல் அங்கதான்). ஆக ராத்திரியோட ராத்திரியா பூட்டிட்டு ஓட முடியாது, ஆனா தீர வருஷக்கணக்காகும்.

இனி உங்க மெடிக்கல் க்ளைம். இதத்தான் நீங்க முதல்ல கேக்கணும்னு நினைச்சிருப்பீங்க, ஆனா மேல சொன்னது இல்லாம இது புரியாது.

பாலிசி பேப்பர்ல யுஐஎன் (UIN)னு ஒரு நம்பர் இருக்கும், சின்னதா அடிபக்கத்துல, ஐஆர்டிஏ ஒவ்வொரு பாலிசி வகைக்கும் கொடுக்கிற நம்பர். எல்ஐசி நியூ ஜீவன் ஆனந்தோட ஒரு வெர்ஷன்ல '512என்279வி02'ன்னு இருக்கும், 512 எல்ஐசியோட ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர், 'என்'னா பங்குச்சந்தையோட சேராதது, 'வி02'ன்னா ரெண்டாவது வெர்ஷன். உங்க மெடிக்கல் பாலிசில கம்பெனியோட மூணு எழுத்துக்கு அப்புறம் 'ஹெச்எல்ஐபி'ன்னு வந்தா தனிநபர் பாலிசி, 'ஹெச்எல்ஜிபி'ன்னு வந்தா குரூப், அதாவது பாலிசி பேங்க் பேர்ல, நீங்க அதுல ஒரு மெம்பர். பேங்க் அந்த டை-அப்ப முடிச்சுக்கிட்டா நீங்க அதே கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாறிக்கணும், அந்த கவலை வேற.

பிபிய சொல்லாதது தப்புதான், அத மறைக்க வேணாம். ஆனா 2024-ல ஐஆர்டிஏ மொரட்டோரியம் காலத்த 96 மாசத்துல இருந்து 60 மாசமா குறைச்சிடுச்சு. 60 மாசம் விடாம பாலிசி ஓடிட்டா, சொல்லல, தப்பா சொன்னீங்கன்னு காரணம் காட்டி க்ளைம மறுக்க முடியாது, மோசடின்னு அவங்க நிரூபிச்சா மட்டும்தான் முடியும். உங்களுது 2019 ஜூன், 2024 ஜூன்லயே 60 மாசம் முடிஞ்சு போச்சு. ரெண்டு விஷயம் மட்டும் பாத்துக்குங்க: நடுவுல எந்த வருஷமாவது ரினியூவல் விட்டுப்போச்சா, 5 லட்சம் ஆரம்பத்துல இருந்தே 5 லட்சமா. 3-ல ஆரம்பிச்சு அப்புறம் 5 ஆக்கினீங்கன்னா கூட்டின 2 லட்சத்துக்கு 60 மாசம் கூட்டின தேதில இருந்துதான்.

டிபிஏவ விட்டுடுங்க. டிபிஏ பில்ல சரிபாக்கற ஆள், க்ளைம மறுக்கற அதிகாரம் அவங்களுக்கு இல்ல, மறுப்பு லெட்டர் இன்சூரன்ஸ் கம்பெனி லெட்டர்ஹெட்ல, பாலிசியோட எந்த கண்டிஷன்படின்னு போட்டு வரணும். கம்பெனிக்குள்ள க்ளைம் ரிவியூ கமிட்டி ஒத்துக்காம மறுக்கவும் கூடாது. அதனால கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு மெயில் போடுங்க, நீளமா அழ வேணாம், நாலு வரி போதும்: பாலிசி எந்த தேதில இருந்து விடாம ஓடுது, 60 மாசம் என்னைக்கு முடிஞ்சுது, மொரட்டோரியம் விதிப்படி இந்த மறுப்பு எப்படி செல்லும், ரிவியூ கமிட்டி முடிவ எனக்கு எழுத்துல கொடுங்க. கூடவே ஐஆர்டிஏவோட பீமா பரோசா தளத்துல பதிவு பண்ணிடுங்க, போன்னா 155255. ஆனா ஒண்ணு, ஐஆர்டிஏ உங்க புகார கம்பெனிக்கு தள்ளி பதில் சொல்ல வைக்கும், தீர்ப்பு சொல்லாது. நிறைய பேர் அங்கயே உக்காந்து வருஷத்த ஓட்டிடறாங்க.

தீர்ப்பு சொல்றது ஆம்பட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார விசாரிக்கறதுக்குன்னே இருக்கிற நடுவர். ஒரு மாசத்துல கம்பெனி பதில் சொல்லலைன்னாலோ மறுத்தாலோ அங்க போகலாம், மறுத்த தேதில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போயிடணும். தமிழ்நாட்டுக்கு ஆபீஸ் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலைல, புதுச்சேரியும் காரைக்காலும் இதுலதான், மாஹே மட்டும் கொச்சிக்கு, ஏனாம் ஐதராபாத்துக்கு போயிடும். ஆன்லைன்லயே கொடுக்கலாம், பீஸ் இல்ல, வக்கீல் வைக்க கூடாது, நீங்களே பேசணும். 50 லட்சம் வரைக்கும் தீர்ப்பு போடலாம். தீர்ப்பு கம்பெனிய கட்டுப்படுத்தும், 30 நாள்ல பணம் கட்டணும். உங்களுக்கு பிடிக்கலைன்னா நீங்க கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு போய்க்கலாம். ஆனா கன்ஸ்யூமர் கோர்ட்ல முதல்ல கேஸ் போட்டுட்டீங்கன்னா ஆம்பட்ஸ்மேன் எடுக்கவே மாட்டார், அதனால யாராவது வக்கீல் நோட்டீஸ், கேஸ்னு அவசரப்படுத்தினா கொஞ்சம் பொறுங்க.

மறுப்பு லெட்டர்ல தேதி என்ன போட்டிருக்குன்னு இன்னைக்கே பாருங்க. அப்படியே அந்த ஹோம் லோன் பேப்பர்ல கடைசி வார்த்தை லைஃபா ஜெனரலான்னு பாத்து எனக்கு எழுதுங்க, ஜெனரல்னா அடுத்து என்ன பண்ணலாம்னு தனியா சொல்றேன்.