62 டெசிபல்தான் வருகிறதா? அதற்காக மாடுலேட்டரை மாற்றாதீர்கள்

தம்பி, காரைக்குடியில் கடைசி வருடப் புராஜெக்ட், எலெக்ட்ரோடு சிக்னல், 1 கிலோஹெர்ட்ஸ் பேண்ட், 256 கிலோஹெர்ட்ஸ் கிளாக், அனலாக் சிக்னலை டிஜிட்டலாக்கும் இரண்டாம் படி 1-பிட் டெல்டா சிக்மா மாடுலேட்டர், கிளாக்குக்கு ஏற்ப கெபாசிட்டரில் மின்னூட்டத்தை மாற்றும் சுவிட்ச்டு கெபாசிட்டர் வகை, சிமுலேஷனில் சிக்னல்-இரைச்சல் விகிதம் 62 டெசிபல்தான், ரெசிஸ்டர் வழியே இடைவிடாமல் ஓடும் கன்டினியூவஸ் டைமுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஓவர்சாம்ப்ளிங், அதாவது குறைந்தபட்சத் தேவையைப் போல் எத்தனை மடங்கு வேகத்தில் சாம்பிள் எடுக்கிறோம் என்பது, 128 என்றால் கணக்குப்படி 90 டெசிபலுக்கு மேல் வர வேண்டும், ஆக கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

முதலில் இன்டகிரேட்டரில் (சிக்னலைக் கூட்டிக்கொண்டே போகும் பகுதி) இருக்கும் ஆப்-ஆம்ப்பை, அதாவது பெருக்கியைப் பாருங்கள். அரை கிளாக் 1.95 மைக்ரோசெகண்ட்தான், அதற்குள் அவுட்புட் இறுதி மதிப்புக்கு 0.01 சதவீதம் வரை நெருங்கி அடங்க ஒன்பது டைம் கான்ஸ்டன்ட் வேண்டும், ஸ்லூ ரேட்டில் (அவுட்புட் ஏறக்கூடிய உச்ச வேகம்) கொஞ்ச நேரம் போனால் மீதி போதாது. கண்ணாடி மேல் வார்க்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லை இறுகுவதற்கு முன் கண்ணாடியிலிருந்து எடுத்தால் பூ கலைந்துவிடும் இல்லையா, அதே கதைதான். ஐடியல் ஆப்-ஆம்ப் போட்டு ஒரு தடவை ஓட்டுங்கள். அதிலும் 62 என்றால் இன்டகிரேட்டர் அவுட்புட் சப்ளையில் முட்டுகிறதா, விகிதத்தைக் கணக்கிட சிக்னலை அலைவெண்களாகப் பிரிக்கும் எஃப்எஃப்டிக்கு, ஓரங்களை மழுக்கும் ஹான் விண்டோ போட்டீர்களா என்று பாருங்கள்.

கன்டினியூவஸ் டைமில் ஆப்-ஆம்ப் மெதுவாக இருக்கலாம், வேண்டாத உயர் அலைவெண்களைத் தடுக்கும் ஆன்ட்டி-ஏலியாஸ் ஃபில்டரும் இலவசம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிப்பில் ஆர்சி (ரெசிஸ்டர், கெபாசிட்டர் பெருக்கல்) மதிப்பு 20, 30 சதவீதம் தள்ளிப் போகும், கிளாக் ஜிட்டர் (துடிப்பு நேரத்தின் நடுக்கம்) நேராக சிக்னலில் ஏறும், லூப் தாமதத்தையும் சரிக்கட்ட வேண்டும். சுவிட்ச்டு கெபாசிட்டரில் எல்லாம் கெபாசிட்டர் விகிதம்தான், அது அவ்வளவாகத் தள்ளிப் போகாது, 1 கிலோஹெர்ட்ஸ் வேலைக்கு அதுவே நிம்மதி.

அப்புறம், சாம்ப்ளிங் கெபாசிட்டர் எவ்வளவு? 1 பைக்கோஃபாரடுக்கே 64 மைக்ரோவோல்ட் வெப்ப இரைச்சல் உண்டு, நேரவாரியாக ஓட்டும் சாதாரண டிரான்சியன்ட் ரன்னில் அது தெரியாது. மதிப்பைச் சொல்லுங்கள், பார்க்கலாம்.