அமெரிக்க வரித்துறைக்குப் போகும் பணத்தை யார் கண்காணிக்கிறார்கள்? அதில் வரி கட்டுபவருக்கு என்ன?

ஐஆர்எஸ் என்பது அமெரிக்க மத்திய அரசின் வரி வசூல் துறை. அதற்கான பணத்தை ஒதுக்குவது காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். அது ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்க 1998 சட்டத்தின் மூலம் தனித் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வந்தது. வரி செலுத்துவோர் படும் பாட்டை, ஐஆர்எஸ்ஸுக்குள்ளேயே இருந்துகொண்டு ஆண்டுதோறும் காங்கிரஸிடம் சொல்ல ஓர் அதிகாரியும் உண்டு.

வரி செலுத்துவோரின் சுமை என்றால் வரித்தொகை மட்டுமல்ல. படிவம் நிரப்பும் நேரம், கணக்காளர் கட்டணம், போனில் காத்திருப்பது எல்லாம் சேர்த்துத்தான். ரேஷன் கடையில் பில் போட ஒரே ஆளை வைத்தால் அரசுக்குச் சம்பளம் மிச்சம். வெயிலில் நிற்பது நாம்தானே?

சரி, பணத்தைக் கொட்டினால் போதுமா? 2022-இல் பத்தாண்டுக்கென ஏறக்குறைய 8,000 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் வரி ஏய்ப்பைப் பிடிக்க சுமார் 4,560 கோடி. மக்கள் சேவைக்கு 320 கோடிதான். எனக்கு இடிப்பது இந்தப் பங்கீடுதான். பிறகு கணிசமான பகுதியை காங்கிரஸே திரும்ப எடுத்துக்கொண்டது.

அப்புறம், இந்தப் பணத்தால் ‘87,000 புது வரி அதிகாரிகள் வீடு தேடி வருவார்கள்’ என்று பரவியது தவறு. அந்த எண், பத்தாண்டில் எத்தனை ஊழியர்களைச் சேர்க்கலாம் என்று 2021-இல் கருவூலத் துறை போட்ட மதிப்பீடு. போன் எடுப்பவர்களும் கணினி ஊழியர்களும் அதில் அடக்கம்.