வாசகர் கேள்வி பதில்: பிடித்த கரியமில வாயுவைக் கழுவித்தான் புதைக்க வேண்டுமா?

கேள்வி: புகைபோக்கியில் கரியமில வாயுவைப் பிடித்துப் பூமிக்கடியில் தள்ளுகிறார்கள், சரி. குழிக்குள் போகிற பொருளை எதற்கு 99 சதவீதம், 99.9 சதவீதம் என்று சுத்தம் செய்ய வேண்டும்? வெட்டிச் செலவு இல்லையா?

பதில்: பாதி நியாயமான கேள்விதான். கொஞ்சம் நைட்ரஜன் சேர்ந்து உள்ளே போனால் பாறை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. தொல்லை எல்லாம் போகிற வழியில். ஈரம் இருந்தால் கரியமில வாயு அதில் கரைந்து கார்பானிக் அமிலமாகி, சாதாரண எஃகுக் குழாயை உள்ளிருந்தே அரித்துவிடும். நைட்ரஜனும் ஆர்கானும் அரிக்காது, ஆனால் ஓசிப் பயணிகள் மாதிரி கூடவே வரும், அவற்றையும் சேர்த்து 100 பாருக்கு மேல் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்துகிற மின்சாரம் நம் கணக்கில் ஏறும். நார்வேயில் 2025-இல் கடலடியில் வாயுவைச் செலுத்தத் தொடங்கிய நார்தர்ன் லைட்ஸ் திட்டத்தில், சரக்கு திரவமாகக் கப்பலில் வருவதால், 10 லட்சம் பங்கில் தண்ணீர் 30 பங்கைத் தாண்டக் கூடாது, ஆக்ஸிஜன் 10 பங்கைத் தாண்டக் கூடாது என்று கறாராக இருக்கிறார்கள். ஆகவே வெறும் சதவீதத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்: மீதியுள்ள அந்த ஒரு சதவீதம் நைட்ரஜன் என்றால் பல குழாய்களில் சமாளித்துவிடலாம், அதில் பத்தில் ஒரு பங்கு தண்ணீராக இருந்தால்கூடப் போச்சு.

கேள்வி: அவ்வளவு காய வைப்பதற்கே ஏகப்பட்ட சக்தி செலவாகாதா?

பதில்: ஆகாது, பெரும்பகுதி இலவசமாக நடக்கிறது. சாதாரண அழுத்தத்தில் 40 டிகிரியில் ஈரம் நிறைந்த வாயுவை எடுத்துக்கொண்டால் 100-க்கு 7 பங்கு நீராவி இருக்கும். அதையே 30 பாருக்கு அழுத்தி மறுபடி 40 டிகிரிக்கு ஆற வைத்தால் 100-க்குக் கால் பங்கு போலத்தான் தங்கும், மற்றது தண்ணீராகக் கீழே வடிந்துவிடும். எப்படியும் அழுத்தித்தானே ஆக வேண்டும்! மிச்சத்தை மூலக்கூறு சல்லடை எனும் மணிகள் உறிஞ்சிக்கொள்ளும். அந்த மணிகளைச் சூடாக்கித்தான் மீண்டும் பயன்படுத்த முடியும், கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் சூட்டில் ஒரு பகுதியை இங்கே திருப்பிவிட்டால் அந்தச் செலவும் குறையும். ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஆக்ஸிஜனை நீக்க ஒரு வழி, பல்லேடியம் வினையூக்கியின் மேல் ஹைட்ரஜனோடு சேர்த்து எரிப்பது, அதில் புதிதாகத் தண்ணீர் உண்டாகும். அதனால் அந்த வேலையை முடித்த பிறகுதான் காய வைக்க வேண்டும், வரிசையை மாற்றினால் காய வைத்ததெல்லாம் வீண்.

கேள்வி: குளிர வைத்துத் திரவமாக்கிப் பிரிக்கும் முறை சிக்கனம் என்கிறார்கள். ஃப்ரிட்ஜுக்கு மின்சாரம் வேண்டாமா?

பதில்: கரியமில வாயுத் தீயணைப்பானை அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? முனையில் வெள்ளைப் பனி பூக்கும், கை பட்டால் சுட்டது போல எரியும். உள்ளே அழுத்தத்தில் திரவமாக இருந்தது வெளியே வந்து விரியும்போது தானாகவே சில்லிட்டுப் போகிறது. ஆலையிலும் இதே சங்கதிதான், கொஞ்சம் நிதானமாக. காற்றுக்குப் பதில் ஆக்ஸிஜனில் எரிக்கும் உலைகளின் புகையில், நீராவியைக் கழித்துவிட்டால், 70 முதல் 90 சதவீதம் வரை கரியமில வாயு இருக்கும். அதை 30 பாருக்கு அழுத்தி, காய வைத்து, மைனஸ் 54 டிகிரி பக்கம் கொண்டுபோனால் கரியமில வாயு திரவமாகிவிடும், நைட்ரஜனும் ஆர்கானும் ஆக்ஸிஜனும் பெரும்பாலும் வாயுவாகவே நிற்கும். பிரித்தெடுத்த திரவத்தை வால்வு வழியாக அழுத்தம் குறைத்து, உள்ளே வரும் வாயுவைக் குளிர வைக்கிற வெப்பப் பரிமாற்றிக்கே (இரண்டு ஓட்டங்கள் கலக்காமல் சூட்டை மட்டும் கைமாற்றும் கருவி) திருப்பினால், அது கொதித்துக்கொண்டே அடுத்து வருகிற வாயுவைக் குளிர வைக்கும். தனி ஃப்ரிட்ஜ் தேவையில்லை. திரவம் முழுவதையும் ஒரே அடியாகக் கீழ் அழுத்தத்துக்கு இறக்காமல் ஒரு பகுதியை நடு அழுத்தத்திலேயே வைத்துக்கொண்டால், மறுபடி அழுத்துகிற வேலையும் மிச்சம். என்னைக் கேட்டால் சிக்கனத்தின் சூட்சுமமே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. மைனஸ் 56.6 டிகிரியில் கரியமில வாயு உறைந்துபோய்ப் பரிமாற்றியை அடைத்துக்கொள்ளும், அதற்கு இரண்டு டிகிரி முன்பே நின்றுவிட வேண்டும். அங்கே நின்றால் வெளியேறும் கழிவு வாயுவில் இன்னும் ஏறத்தாழ கால்பங்கு கரியமில வாயு தங்கிவிடும். அதையும் பிடிக்க ஒரு சவ்வு வடிகட்டியைப் போட்டு, கிடைப்பதைத் திரும்ப ஆரம்பத்துக்கே அனுப்புவார்கள்.

கேள்வி: அப்படியானால் சாதாரண நிலக்கரிப் புகையையும் இப்படியே குளிர வைத்துத் திரவமாக்கலாமே?

பதில்: கணக்கு உதைக்கும். அந்தப் புகையில் கரியமில வாயு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 30 பாருக்கு அழுத்தினாலும் அதன் பங்குக்கு வருவது 3.6 பார்தான். 5.2 பாருக்குக் கீழே அது திரவமாகவே இருக்க முடியாது. ஒரு சொட்டுகூட விழாது, இத்தனை நைட்ரஜனை அழுத்தியதுதான் மிச்சம். அதனால்தான் முதலில் சவ்வு வைத்துச் செறிவைக் கூட்டிவிட்டுப் பிறகு குளிர வைக்கும் இரட்டை முறை, அல்லது 1930-இல் காப்புரிமை பெற்ற பழைய அமீன் கரைசல், அதாவது கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டு சூடாக்கினால் விட்டுவிடும் ரசாயனக் கரைசல். அமீனில் வெளிவரும் வாயு, ஈரம் போனால், 99 சதவீதத்துக்கு மேல் சுத்தம். ஆனால் கரைசலிலிருந்து வாயுவை விடுவிக்கவே டன்னுக்கு 3.5 கிகாஜூல் அளவுக்கு நீராவிச் சூடு வேண்டும். பிறகு குழாய் அழுத்தத்துக்கு ஏற்றுவது டன்னுக்குச் சுமார் 100 யூனிட் மின்சாரம்.

கேள்வி: கந்தக டை ஆக்ஸைடு, நைட்ரஜன் ஆக்ஸைடுகளைத் தனியாக அகற்ற வேண்டுமா?

பதில்: ஆக்ஸிஜன் உலை வாயுவில் ஒரு வேடிக்கை நடக்கும். அழுத்தத்தில் நைட்ரிக் ஆக்ஸைடு விறுவிறுவென்று நைட்ரஜன் டை ஆக்ஸைடாகி, அது கந்தக டை ஆக்ஸைடுக்கு ஆக்ஸிஜனைக் கைமாற்றிவிட்டுப் பழையபடி ஆகிவிடும். தண்ணீரும் இருந்தால் கந்தக அமிலமாகக் கீழே வடியும், மிஞ்சிய நைட்ரஜன் டை ஆக்ஸைடு நைட்ரிக் அமிலமாகும். 1746-இல் ஜான் ரோபக் பர்மிங்காமில் ஈய அறைகளில் கந்தக அமிலம் தயாரித்தாரே, ஏறக்குறைய அதே வேதியியல். குழாய்க்குள் நடந்தால் நாசம், கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் அமிலம் தாங்கும் தொட்டியில் வேண்டுமென்றே நடத்திவிட்டால் துப்புரவு!

கேள்வி: எங்கே தொடங்கினால் சக்தி மிச்சம்?

பதில்: எத்தனால் நொதிக்கும் தொட்டியில். அங்கே வருவது, நீராவியைக் கழித்தால், கிட்டத்தட்ட முழுக்கக் கரியமில வாயுதான். கழுவி, காய வைத்து, அழுத்தினால் வேலை முடிந்தது. அமீனும் வேண்டாம், அந்த 3.5 கிகாஜூலும் வேண்டாம்.